ஜப்பானியப் பாட்டி வீட்டில் ஒரு கோடை

வெளிநாட்டவரை மணந்து வெளிநாட்டிலேயே குடியிருக்கும் ஜப்பானியர்கள் பலருடைய குடும்பங்களில், கோடை விடுமுறை ஊர் சுற்றிப் பார்ப்பதற்கான காலமாக அமைவதில்லை. கணவரோ மனைவியோ பிறந்து வளர்ந்த ஊருக்குப் பிள்ளைகளுடன் போய், அங்குள்ள பெற்றோரின் வீட்டில் சில வாரங்கள் தங்கி, அந்த வீட்டின் நேர ஒழுங்குக்கும் சமையலுக்கும் துணி துவைக்கும் முறைக்கும் தம்மைப் பழக்கிக்கொண்டு வாழும் காலமாகவே அது கழிகிறது. புகைப்படத்தில் பதிவாகும் கோயில்களும் கோட்டைகளும் இதில் மிகச் சிறிய பங்கையே வகிக்கின்றன. பிள்ளைகளுக்கு ஒரு மொழியையும் ஓர் உறவு வட்டத்தையும் உண்மையில் கையளிப்பவை, எவரும் பெரிதாகக் கருதாத அன்றாட வேலைகளே.

இந்தத் தங்கலுக்கு ஜப்பானின் பள்ளி நாட்காட்டி எதிர்பாராத வகையில் துணை நிற்கிறது. அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. பெரும்பாலான ஊர்களில் முதல் பருவம் ஜூலை 20 வாக்கில் முடிந்து, அதன் பிறகே கோடை விடுமுறை வருகிறது. அமெரிக்காவிலோ மே மாத இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் பல பள்ளிகள் மூடப்பட்டுவிடுகின்றன. ஆகவே அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்கு, ஜப்பானியப் பள்ளி முழு வேகத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒரு மாதத்துக்கும் மேலான காலம் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் தாத்தா பாட்டியின் ஊரிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் அவர்களைச் சேர்த்துவிடும் வழக்கத்துக்குத் ‘தைக்கென் நியூகாக்கு’, அதாவது அனுபவத்துக்கான பள்ளிச் சேர்க்கை, என்று பெயர். இது எல்லா ஊர்களுக்கும் பொதுவான ஓர் உரிமையாக அமைந்ததன்று. அந்தந்த ஊராட்சியின் கல்விக் குழுவும் பள்ளித் தலைமையாசிரியருமே இதை முடிவு செய்கின்றனர். சில ஊர்கள் ஒரு கடிதத்தையும் ஒரு சந்திப்பையும் ஏற்று வகுப்பில் இடம் தருகின்றன. சில ஊர்கள் பிள்ளையின் பெயரை உள்ளூர்க் குடியிருப்புப் பதிவேட்டில் முதலில் பதியச் சொல்கின்றன. இன்னும் சில மறுத்துவிடுகின்றன. பல மாதங்களுக்கு முன்பே பள்ளிக்கு நேரில் சென்று, பேரப்பிள்ளைக்காகத் தலை வணங்கிக் கேட்டுவருபவர் பெரும்பாலும் பாட்டியாகவே இருக்கிறார்.

இடம் கிடைத்த பின் பொருள்களைத் திரட்டும் வேலை தொடங்குகிறது. முதுகில் மாட்டும் கெட்டியான ‘ரந்தோசெரு’ என்ற பள்ளிப் பையை ஒரு மாதத்துக்காக விலை கொடுத்து வாங்குவது வீண் செலவு என்பதால், சித்தப்பா வீட்டிலோ அண்டை வீட்டிலோ பழையது ஒன்றை இரவல் கேட்பார்கள். பள்ளிக்குள் மட்டும் அணியும் ‘உவபாக்கி’ என்ற வெள்ளைத் துணிக்காலணி, உடற்பயிற்சி உடை, நீச்சல் வகுப்புக்கான தொப்பி என ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரை எழுதியாக வேண்டும். காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி, மூத்த வகுப்புப் பிள்ளை முன்னே நடக்க, வரிசையாகப் பள்ளிக்கு நடந்து செல்லும் ஊர்கள் பல உண்டு. காரில் கொண்டுபோய் இறக்கிவிடப்பட்டே பழகிய ஒரு பிள்ளைக்கு, பெரியவர் துணையின்றித் தெருவில் நடக்கும் இந்த நடையே முதல் பெரிய பாடமாகிவிடுகிறது.

பள்ளி உணவு நேரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் அடிப்படையில் நடக்கும் இந்த உணவு ‘கியூஷொக்கு’ எனப்படுகிறது. அன்றைய முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை மேலங்கியும் தொப்பியும் முகக்கவசமும் அணிந்து, சோற்றுப் பாத்திரத்தையும் சூப்பையும் வகுப்பறைக்குத் தாங்களே கொண்டுவந்து, ஒவ்வொருவர் தட்டிலும் அளவாகப் பரிமாறுகிறார்கள். ஆசிரியரும் அதே உணவையே அதே அறையில் உண்கிறார். ஒரு வாரம் முறை முடித்த பிள்ளை, வெள்ளிக்கிழமை அந்த மேலங்கியை வீட்டுக்கு எடுத்துவந்து, துவைத்து இஸ்திரி போட்டுத் திங்கட்கிழமை அடுத்தவருக்குத் தர வேண்டும். மழைக்காலத்தின் நடுவில், வீட்டுக்குள் கட்டிய கொடியில் அந்த ஒற்றை வெள்ளை அங்கி காய்வதற்காகப் பாட்டியும் மருமகளும் கவலைப்படும் சனிக்கிழமைகள் இந்தக் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமானவை. நாள்தோறும் துடைப்பமும் துணியும் எடுத்து வகுப்பறையையும் நடைவழியையும் பிள்ளைகளே சுத்தம் செய்கிறார்கள் என்பதை வெளிநாட்டுப் பெற்றோர் முன்பே படித்திருப்பார்கள். தம் பிள்ளையும் குனிந்து தரையைத் துடைத்துவிட்டு வந்ததாகச் சொல்லும்போதுதான் அது அவர்களுக்கு உறைக்கிறது.

இந்தச் சில வாரங்களில் மொழிக்கு நேரும் மாற்றமே பெற்றோர் பெரிதும் எதிர்பார்ப்பது. வெளிநாட்டில் வளரும் பிள்ளை ஜப்பானிய மொழியைத் தாய், தந்தை இருவரில் ஒருவரின் வாயிலிருந்து மட்டுமே கேட்கிறது. பேசுபவர் ஆணா பெண்ணா, எதிரில் இருப்பவர் மூத்தவரா ஒத்த வயதினரா என்பதற்கேற்பப் பேச்சின் முடிவுகளும் ‘நான்’ என்பதற்கான சொல்லும் கூட மாறுகிற மொழி அது. எனவே தாயிடம் மட்டும் கற்ற சிறுவன், வீட்டில் எவ்வளவு சரளமாகப் பேசினாலும், விளையாட்டு மைதானத்தில் அம்மாவைப் போலப் பேசுகிறான் என்று உணரப்படுகிறான். வயதொத்த சிறுவர்களுடன் ஒரு மாதம் சண்டையும் சமாதானமும் கண்ட பிறகு, அவன் பேச்சில் அவனுக்குரிய குரல் வந்து சேர்கிறது. சனிக்கிழமைகளில் வெளிநாட்டு நகரங்களில் நடக்கும் ஜப்பானிய மொழிப் பள்ளிகள் எழுத்துகளைக் கற்பிக்க வல்லவை. இந்தக் குரலை அவற்றால் எளிதில் தர இயலாது.

பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வீட்டில் எஞ்சியிருக்கும் வெளிநாட்டு மருமகளின் நாள் வேறு வகையானது. குப்பையை எரிவது, எரியாதது, நெகிழி, புட்டி எனப் பிரித்து, அதற்குரிய கிழமையில், காலையில் குறித்த நேரத்துக்குள் வைத்தாக வேண்டும்; தவறினால் பேச்சு வருவது மாமியாருக்கு. ஜூன் தொடக்கம் முதல் ஜூலை நடுப்பகுதி வரை பெரும்பாலான பகுதிகளில் நீடிக்கும் ‘த்ஸுயு’ என்ற மழைப்பருவத்தில் சுவரும் செருப்பும் பூஞ்சை பிடிக்கின்றன; வெயில் எட்டிப் பார்த்த அரை நாளில் தரைமெத்தைகளை மாடத்தில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். இவற்றையெல்லாம்விட நுட்பமானது குளியல். தொட்டிக்கு வெளியே அமர்ந்து உடலைத் தேய்த்துக் கழுவிய பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். அதே நீரில் வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக முழுகுவதால், சோப்பு நுரை அதில் படக் கூடாது. எழுந்ததும் சூடு ஆறாமல் மூடியைப் போட வேண்டும். முன்பெல்லாம் குடும்பத் தலைவர் முதலிலும் மருமகள் கடைசியிலும் குளித்த ஒழுங்கு இன்று பெரிதும் தளர்ந்துவிட்டாலும், விருந்தினராக வந்தவரை முதலில் குளிக்கச் சொல்லும் மரியாதை நிலைத்திருக்கிறது. அந்த மரியாதை ஒரு நாள் நின்று, ‘நீ பிறகு குளி’ என்று மாமியார் இயல்பாகச் சொல்லத் தொடங்குவதை, தான் வீட்டாரில் ஒருத்தியாகிவிட்டதன் அடையாளமாக மருமகள் எடுத்துக்கொள்ளலாம்.

மழை ஓய்ந்ததும் வரும் வெக்கை தமிழ்நாட்டுக் கோடையை அறிந்தவர்களுக்குக் கூட எளிதானதன்று. 2018இல் குமகாயா நகரில் 41.1 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. குளிர்ந்த நீரில் அலசிய மெல்லிய ‘சோமென்’ நூலப்பமும், வறுத்த வாற்கோதுமையை ஊறவைத்து ஆறவைத்த ‘முகிச்சா’ பானமும் அந்நாள்களில் மேசையை விட்டு அகல்வதில்லை. மாலையில் ஏற்றப்படும் கொசுவர்த்திச் சுருள், தமிழ் வீடுகளுக்கு நன்கு பழக்கமான அதே சுருள்தான். வக்காயாமா பகுதியைச் சேர்ந்த உவேயாமா எய்ஈச்சிரோ 1890இல் குச்சி வடிவில் உருவாக்கிய கொசுவர்த்தி, நீண்ட நேரம் எரிவதற்காக அவருடைய மனைவி யூக்கி கூறிய யோசனைப்படி சுருள் வடிவம் பெற்று, 1902இல் விற்பனைக்கு வந்தது.

ஜூலை 20க்குப் பின் பள்ளி மூடினாலும் ஒழுங்கு மூடுவதில்லை. 1928இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சியைக் காலை 6.30 மணிக்குப் பூங்காவில் கூடி, இசைக்கேற்பச் செய்கிறார்கள். வந்தவர்களின் அட்டையில் நாள்தோறும் முத்திரை குத்தப்படுகிறது. முதல் வகுப்புப் பிள்ளைகள் தொட்டியில் வளர்த்த காலைப்பூக் கொடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மலர்ந்த பூக்களைக் குறித்துவைக்கிறார்கள். படத்துடன் எழுதும் நாட்குறிப்பு வேறு. மாலையில் ஊராட்சியின் ஒலிபெருக்கியில் எழும் மெல்லிசை, விளையாடும் பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டிய நேரத்தை ஊருக்கே அறிவிக்கிறது.

தங்கலின் உச்சம் ஆகஸ்ட் நடுவில் வரும் ‘ஓபோன்’. இறந்த முன்னோர் வீட்டுக்குத் திரும்பி வருவதாக நம்பப்படும் இந்நாள்கள் பெரும்பாலான ஊர்களில் 13 முதல் 16 வரை. டோக்கியோவின் சில பகுதிகளில் ஜூலையிலேயே வந்துவிடுகின்றன. பிள்ளைகளுக்குத் தரப்படும் வேலை, வெள்ளரிக்காயிலும் கத்தரிக்காயிலும் நான்கு குச்சிகளைச் செருகிக் குதிரையும் மாடும் செய்வது. முன்னோர் விரைந்து வருவதற்குக் குதிரை; பிரிய மனமின்றி மெல்லத் திரும்புவதற்கு மாடு. 13ஆம் நாள் மாலை வாசலில் சிறு தீ மூட்டி அவர்களை வரவேற்பார்கள். குடும்பக் கல்லறைக்குச் சென்று, வாளி நீரை அகப்பையால் மொண்டு கல்லின் மேல் ஊற்றி, பாசியைத் தேய்த்து நீக்கி, பூவும் ஊதுபத்தியும் வைத்துக் கைகூப்புவார்கள். தந்தைவழிப் பெயரைத் தாங்கிய பிள்ளை, தன் பெயரின் எழுத்துகளையே அந்தக் கல்லில் படிக்கிறது. வகுப்பறையில் கற்ற எழுத்து அங்கே அதற்குப் பயன்படுகிறது.

இவ்வளவு நெருக்கத்துக்கும் சட்டம் ஒரு வரம்பு கட்டியிருக்கிறது. குடும்பங்களின் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றைப் பதியும் ‘கொசெகி’ என்ற ஏட்டில் வெளிநாட்டு மருமகளோ மருமகனோ உறுப்பினராக இடம்பெறுவதில்லை. ஜப்பானியத் துணையின் பக்கத்தில் திருமணக் குறிப்பாக மட்டுமே அவர் பெயர் வருகிறது. ஜப்பானியத் தாய்க்கும் அயல்நாட்டுத் தந்தைக்கும் பிறந்த பிள்ளை தாய்வழிக் குடியுரிமை பெறும் நிலை 1985இல்தான் வந்தது. இரு குடியுரிமையுடன் பிறந்தவர்கள் 20 வயதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இன்றைய விதி. பாட்டியின் நாட்டையும் தான் வளர்ந்த நாட்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தச் சொல்லும் இவ்விதி, இத்தகைய கோடைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நேர்மையானதாக இல்லை.

இதற்கிடையே பாட்டி வீடுகளே குறைந்துவருகின்றன. 2023ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடக்கின்றன. பள்ளியில் இடம் கேட்டு, பை இரவல் வாங்கி, அங்கிக்கு இஸ்திரி போடும் ஒருவர் அங்கே நலமுடன் இருக்கும் வரைதான் இந்தக் கோடை நடக்கும். ஆகவே அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடுவது தவறான கணக்கு.

இத்தகைய வாய்ப்பு தமிழ்க் குடும்பங்களுக்கும் உண்டு. வட அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் தாத்தா பாட்டியைக் காண வரும் ஜூன் மாதத்தில்தான் தமிழ்நாட்டுப் பள்ளிகளும் வழக்கமாகப் புதிய கல்வியாண்டைத் தொடங்குகின்றன. அந்தப் பிள்ளைகளைச் சில வாரங்கள் உள்ளூர் வகுப்பறையில் உட்கார வைக்கும் ஏற்பாட்டைப் பள்ளிக் கல்வித் துறையும் பள்ளி நிர்வாகங்களும் மனம் வைத்து ஆராய வேண்டும்.