உதடு முந்துகிறது, குரல் பிந்துகிறது

வரலாற்றுப் பாடத்துக்காகப் பாட்டியைப் பேட்டி கண்டு, பத்து நிமிடக் காணொளி எடுத்திருக்கிறீர்கள். கைப்பேசியில் பார்த்தபோது எல்லாம் சரி. கணினியில் தொகுப்பு மென்பொருளில் போட்டதும் கோளாறு. முதல் நிமிடத்தில் உதடும் குரலும் ஒத்துப்போகின்றன; ஐந்தாவது நிமிடத்தில் பாட்டி வாயை மூடிய பிறகும் குரல் கேட்கிறது. நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டும். பாட்டியோ ஊருக்குத் திரும்பிவிட்டார்.

முதலில் ஒரு சோதனை. தொடக்கத்திலும் முடிவிலும் குரல் எவ்வளவு பிந்துகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே அளவு என்றால் கவலை வேண்டாம். ஒலித்தடத்தைப் படத்திலிருந்து பிரித்து, அந்த அளவுக்கு முன்னே நகர்த்தினால் போதும். போகப் போக இடைவெளி கூடுகிறதா? நகர்த்திப் பயனில்லை, ஓரிடத்தில் சரிசெய்தால் இன்னோரிடத்தில் கெடும்.

ஏன் கூடுகிறது? காணொளி என்பது வரிசையாக ஓடும் நிழற்படங்கள்தான். ஒவ்வொன்றும் ஒரு பிரேம். வினாடிக்கு 30 பிரேம் என்று அமைத்திருந்தாலும் கைப்பேசி எப்போதும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்த வரவேற்பறையில் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி சேர்க்கக் கூடுதல் நேரம் வேண்டும். அதனால் சில கைப்பேசிகள் வேகத்தை 24 வரை குறைத்துக்கொள்ளும். கோப்பில் ஒவ்வொரு பிரேமுக்கும் நேரக்குறி உண்டு. கைப்பேசி அதைப் பார்த்து ஓட்டுவதால் பிசகு தெரிவதில்லை. தொகுப்பு மென்பொருள்கள் சில, நேரக்குறியைக் கவனிக்காமல் எல்லாப் பிரேம்களையும் 30 என்ற சீரான வேகத்தில் அடுக்கிவிடுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சராசரி வேகம் 29.5 என்றால், 600 வினாடியில் 17,700 பிரேம்கள். இதை 30ஆல் வகுத்தால் 590. படம் 590 வினாடியில் முடிகிறது, ஒலி 600 வினாடி ஓடுகிறது. வெறும் அரை பிரேம் வித்தியாசம், கடைசியில் 10 வினாடி!

இவ்வளவு வேண்டாம், வினாடியில் எட்டில் ஒரு பங்கு பிந்தினாலே நம் மூளை கண்டுபிடித்துவிடும். குரல் முந்தினால் இன்னும் சீக்கிரமாகவே உறுத்தும். மின்னலுக்குப் பிறகுதானே இடி! பிந்தி வரும் ஒலி நமக்குப் பழக்கம். முந்தி வரும் ஒலி இயற்கையில் இல்லை.

தீர்வுக்குக் காசு தேவையில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் பிரேம் வேகம் 30, அதன் கீழே 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்று தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். பிரேம் குறையும் இடங்களில் அது முந்தைய பிரேமையே மறுபடி வைத்து நிரப்பும், நேரம் மாறாது. வெட்டி ஒட்டும் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது. மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

படம் திக்கித் திணறி ஓடுவது வேறு கதை. 4கே பிரேம் ஒன்றில் ஏறக்குறைய 83 லட்சம் படப்புள்ளிகள். 1080பி பிரேமைப் போல் நான்கு மடங்கு. கணினிக்கு மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். முன்னோட்டத்தின் தரத்தைக் குறைத்துப் பாருங்கள். இறுதிக் காணொளியின் தரம் இதனால் குறையாது.

நண்பர் வீட்டுக் கணினியில் திறந்தால் 'கோப்பைக் காணவில்லை' என்கிறதா? பெரும்பாலான மென்பொருள்களில் திட்டக் கோப்புக்குள் காணொளி இருக்காது, அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கும். பென் டிரைவில் கோப்புறை முழுவதையும் நகலெடுத்துச் செல்லுங்கள்.