பனியன் எனக்கு... பில் மாமனாருக்கு!

பி.காம். படித்தவனிடம் எந்த வேலையை வேண்டுமானாலும் கொடுக்கலாம். 'கொட்டேஷன் வாங்குகிற' வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அடியேனே சாட்சி.

2018 டிசம்பரில் நான் ஒரு கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் பிரிவில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். ஆண்டு விழா வந்தது. 'இந்த வருஷம் எல்லோருக்கும் ஒரே கலர் டீ-ஷர்ட்' என்று மேனேஜருக்கு திடீர் ஞானோதயம். மொத்தம் 300 பேர். "கறுப்புதான் சார் கெத்து!" என்றார்கள் சேல்ஸ் பையன்கள். வாங்கும் பொறுப்பு என் தலையில்.

மூன்று கொட்டேஷன் வந்தன. 165, 158, 140. யோசிக்க என்ன இருக்கிறது? 140-க்கு டிக் அடித்தேன். அடுத்த கொட்டேஷனோடு ஒப்பிட்டால் சட்டைக்கு 18 ரூபாய் மிச்சம். 300 சட்டைக்கு 5,400 ரூபாய்! மேனேஜர் முதுகில் தட்டிக் கொடுத்தார். தட்டியதோடு சரி... இன்க்ரிமென்ட்டில் அது தெரியவில்லை.

வீட்டில் முதல் தடவை ஊறப்போட்டபோது பக்கெட் தண்ணீர் மை மாதிரி ஆனது. கூடவே கிடந்த என் மனைவியின் வெள்ளை துப்பட்டா சாம்பல் நிறத்துக்கு மாறியது. அப்புறம் இரண்டு நாள் எங்கள் வீட்டு சாம்பாரில் உப்பு இல்லை. (இந்த உப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.)

அந்தப் பொங்கலுக்கு மாமனார் ஊருக்குப் போனோம். சென்னிமலையைத் தாண்டி, நொய்யல் ஆற்றங்கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு சின்ன ஊர். விழாவில் மீந்துபோன இரண்டு டீ-ஷர்ட்டை எடுத்துப் போயிருந்தேன். மாப்பிள்ளை வெறுங்கையோடு போகலாமா?

மாமனார் விரித்துப் பார்த்தார்.

"எத்தனைங்க மாப்பிள்ளை?"

"நூத்தி நாப்பது மாமா. கடையில வாங்கினா முந்நூறு ஆகும்" என்றேன், மீசை இல்லாத குறையாக முறுக்கியபடி.

"திருப்பூருச் சரக்குங்களா?"

"ஆமா மாமா."

மடித்துத் திண்ணையில் வைத்தார். "அப்ப மிச்சத்தை நாங்க கட்டிட்டோமுங்க" என்றார்.

ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, தோட்டத்துக்குப் போயிட்டு வரலாம்" என்றார்.

★

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிறது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-ல் திறந்தார்கள். மழைத் தண்ணீரைத் தேக்கிப் பாசனத்துக்கு விடுவதற்கான அணை.

"அன்னிக்கு ஊரே சந்தோஷப்பட்டுச்சுங்க. இனி ரெண்டு போகம்னு கணக்குப் போட்டோம்" என்றார் மாமனார்.

அதே காலத்தில் மேலே திருப்பூரில் பனியன் ஏற்றுமதி சூடு பிடித்தது. உலகமே திருப்பூர் டீ-ஷர்ட்டைப் போட ஆரம்பித்தது. நூற்றுக்கணக்கில் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் முளைத்தன. அவற்றின் கழிவுத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, நேராக அணையில் வந்து தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை, சாயக் கழிவுத் தொட்டியானது. உலகத்தில் அணையைத் திறக்கச் சொல்லிப் போராடுகிற விவசாயிகளைப் பார்த்திருப்பீர்கள். 'ஐயா, தயவுசெய்து திறந்துவிடாதீர்கள்' என்று கும்பிட்ட விவசாயிகள் இந்தப் பக்கம்தான் இருந்தார்கள்.

"தண்ணி செவப்பா, நீலமா வந்தப்பக்கூட பரவால்லீங்க. கண்ணுக்குத் தெரிஞ்சுது, ஒதுங்கிக்கிட்டோம். அப்புறம் சாயத்தை எடுத்துட்டு விட்டாங்க. பாத்தா நல்ல தண்ணி மாதிரியே இருக்கும். வாயில வெச்சாத்தான் தெரியும்... உப்பு!"

கிணற்றில் உப்பு. மண்ணில் உப்பு. தென்னை குருத்து காய்ந்தது. மாடு தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பியது. காபி போட்டால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து ஒரு புது ருசி. குடிதண்ணீருக்கு என் மனைவி பள்ளிக்கூடம் போகிற வயதில் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். எட்டு வருஷக் குடித்தனத்தில் என்னிடம் இதை ஒரு தடவைகூட அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

★

ஊருக்குத் திரும்பியதும் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். கணக்குப் பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பருத்தித் துணியில் சாயம் ஒட்டுவதற்கு உப்பு தேவை. உப்பு போட்டால்தான் சாயம் தண்ணீரை விட்டு நூலுக்குப் போகும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறம் என்றால் ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 60 முதல் 100 கிராம் வரை உப்பு போடுவது வழக்கம். நடுவாக 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ துணிக்குச் சாயத் தண்ணீர் 10 லிட்டர். ஆக, கிலோ துணிக்கு 800 கிராம் உப்பு. ஒரு டீ-ஷர்ட் 200 கிராம் எடை என்றால் அதன் பங்கு 160 கிராம்.

ஒரு மனிதன் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு சாப்பிடக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 160-ஐ 5-ஆல் வகுத்தால்? 32 நாள்! ஒரு கறுப்பு டீ-ஷர்ட், ஒரு ஆளின் ஒரு மாத உப்பு. என்னுடைய 300 டீ-ஷர்ட்டுக்கு 48 கிலோ. அதாவது எங்கள் கம்பெனி ஆண்டு விழாவுக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை உப்பு.

சரி, அந்த உப்பு எங்கே போகிறது? சட்டையோடு உங்கள் வீட்டுக்கு வருவதில்லை. சாயத்தை ஒட்டவைத்துவிட்டு, மொத்தமும் கழிவுத் தண்ணீரோடு வெளியே போய்விடுகிறது. சாதாரண சுத்திகரிப்பில் நிறம் போகும். கரைந்த உப்பு போகாது. மாமனார் சொன்ன 'நல்ல தண்ணி மாதிரியே' என்பதன் ரகசியம் இதுதான்.

★

ஆற்றங்கரைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கரூர்ப் பக்கத்து வாய்க்கால் விவசாயிகள் 1990-களிலேயே சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிறகு நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் 2003-ல் வழக்குப் போட்டது. இடையில், பாதிப்பைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் நஷ்டஈடு என்று 2004-ல் முடிவு செய்தது. கேட்க நன்றாக இருக்கிறதா? வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஒன்பதாயிரம்கூட இல்லை.

2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கழிவு நீரை வெளியே விட்டால் லிட்டருக்கு 6 பைசா கட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்து 8 பைசா. அதற்கப்புறம் 10 பைசா.

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. அந்தக் காலத்துப் பழைய இயந்திரங்களில் ஒரு கிலோ துணியை வெளுத்து, சாயம் போட்டு, அலசி முடிக்க 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். 100 லிட்டர் என்றே வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 6 ரூபாய். கிலோவுக்கு ஐந்து டீ-ஷர்ட். ஒரு டீ-ஷர்ட்டுக்கு 1 ரூபாய் 20 காசு!

இது கோர்ட் போட்ட அபராதம்தான். செத்த தென்னைக்கும் உப்பேறிய கிணற்றுக்கும் விலை அல்ல. ஆனாலும், ஆற்றுக்கு ஒரு பில் உண்டு என்று எழுதிக் காட்டிய தொகை. 300 சட்டைக்கு 360 ரூபாய். எங்கள் விழாவில் பலூனுக்கே அதைவிட அதிகம் செலவு!

பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பு. கழிவு நீர் ஒரு சொட்டுகூட வெளியே வரக் கூடாது. மூன்று மாதத்துக்குள் ஏற்பாடு செய்யுங்கள் என்றது கோர்ட். அதுவும் நடக்கவில்லை என்றதும், 2011 ஜனவரி 28-ல் உயர் நீதிமன்றம் திருப்பூரின் அத்தனை சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. கரன்ட்டும் கட். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்.

மாமனார் ஜெயித்துவிட்டார் என்று கைதட்டத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். என் மச்சான் அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

சாயம் போட்ட துணி வராவிட்டால் எதை வெட்டுவது? நாலு மாதம் அவருக்கு வேலையில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயில் ஏறினார்கள். வழக்குச் செலவுக்குப் பணம் கொடுத்த அப்பாவும், அதனால் வேலை போன மகனும் ஒரே வீட்டில், ஒரே திண்ணையில். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் மாமியார், இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு.

"வருத்தமா இல்லையா மாமா?" என்று கேட்டேன்.

"இருந்துதுங்க. பட்டறையே வேண்டாம்னு யாருங்க சொன்னா? என் பையனே அதுல சோறு திங்கறான். அவங்க அழுக்கை அவங்களே சுத்தம் பண்ணட்டும்னோம். அந்தச் செலவு சட்டை வெலையில சேரட்டும்னோம். அதுக்கே இத்தனை வருஷமுங்க."

★

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் புது முறைக்கு மாறின. கழிவு நீரை வடிகட்டி, ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்துத் திரும்பவும் சாயம் போடவே பயன்படுத்துகிறார்கள். தொழில் அழிந்துவிடும் என்றார்கள். அழியவில்லை. 2021-22-ல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

எல்லாம் சுபம் என்று மங்களம் பாடவும் முடியாது. மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. அனுமதியில்லாமல் நடக்கும் பட்டறைகளை அதிகாரிகள் மூடுவதும் அவ்வப்போது செய்தியாக வருகிறது. காரணம் எளிது. முறையாகச் சுத்தம் செய்கிறவருக்குச் செலவு உண்டு. ராத்திரியில் ஓடையில் திறந்துவிடுகிறவருக்குச் செலவில்லை. அவர் விலையைக் குறைத்துக் கொடுக்கலாம். நம்மைப் போன்ற பி.காம். அறிவாளி கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிப்பான்.

என்னுடைய 140 ரூபாய் எந்த ரகம்? தெரியாது. நான்தான் கேட்கவே இல்லையே!

★

2019 டிசம்பர். மறுபடி ஆண்டு விழா, மறுபடி நான். இந்த முறை மூன்று பேரிடமும் ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டேன்: 'துணிக்குச் சாயம் எங்கே போடுகிறீர்கள்? அந்தப் பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதியின் நகல் அனுப்ப முடியுமா?'

முதல் ஆள் போனை வைத்துவிட்டார். இரண்டாமவர், "சார், டீ-ஷர்ட் வாங்கறீங்களா, ரெய்டு வர்றீங்களா?" என்றார். மூன்றாமவர் சாயங்காலமே நகல் அனுப்பினார். விலை 172.

மேனேஜர் முகத்தைச் சுளித்தார். அவருக்குப் புரிகிற பாஷையில் பேசினேன். "சார், போன வருஷ டீ-ஷர்ட்டே பலபேர் வீட்டில் தரை துடைக்கிறது. எல்லோருக்கும் கொடுக்க வேண்டாம். வேணுங்கிறவங்க மட்டும் பேர் கொடுக்கட்டும்."

180 பேர் பெயர் கொடுத்தார்கள். 180 பெருக்கல் 172, 30,960 ரூபாய். முந்தின வருஷச் செலவு 42,000. மிச்சம் 11,040! நிறத்தையும் கறுப்பிலிருந்து வெளிர் சந்தனத்துக்கு மாற்றினேன். வெளிர் நிறத்துக்கு உப்பு குறைவு. சேல்ஸ் பையன்கள் மட்டும் ஒரு வாரம் என்னோடு டீ குடிக்க வரவில்லை.

நான் ஒருத்தன் கேள்வி கேட்டதால் நொய்யல் சுத்தமாகிவிடவில்லை. அந்த பில்லை ஆற்றங்கரையிலிருந்து சட்டை விலைக்கு மாற்றி எழுதியவர்கள், வருஷக்கணக்கில் கோர்ட் படி ஏறிய விவசாயிகள்தான். கடையில் தனியாக ஒரு டீ-ஷர்ட் எடுக்கும்போது லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அந்த விவரம் இருக்காது. ஆனால் ஆபீஸுக்கு, கல்லூரிக்கு, கிரிக்கெட் டீமுக்கு என்று மொத்தமாக வாங்கும்போது கேட்கலாம். 180 சட்டை ஆர்டருக்குப் பதில் சொல்ல ஆள் உண்டு. தனி ஆளாக நம் கையில் இருப்பது இன்னும் சுலபம். மலிவாகக் கிடைக்கிறதே என்று அள்ளாமல், வாங்கியதைக் கிழிகிறவரை போடுவது. ஒரு வருஷம் போடுவதை இரண்டு வருஷம் போட்டால் உப்பு பாதி. இதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம்.

அந்தப் பொங்கலுக்குச் சந்தனக் கலர் டீ-ஷர்ட் ஒன்றை மாமனாரிடம் கொடுத்தேன்.

"எத்தனைங்க மாப்பிள்ளை?"

"நூத்தி எழுபத்திரண்டு மாமா."

"போன தடவை நூத்தி நாப்பதுன்னீங்க! பி.காம். படிச்சுப்போட்டு இப்படி ஏமாந்துட்டீங்களே!" என்றார் பதறிப்போய்.

விஷயத்தைச் சொன்னேன். அனுமதி நகலையும் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். அப்புறம் எழுந்து, சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டார். தோளில் பழைய துண்டு.

தோட்டத்துக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பினார்.

"இந்தத் தடவை பில் எனக்கு வரலீங்க மாப்பிள்ளை!"