வீட்டுத் தூசியில் தீத்தடுப்பு வேதிப்பொருட்கள்

தீத்தடுப்பு வேதிப்பொருட்கள் என்பவை சோபா, தொலைக்காட்சிப் பெட்டி, கணினி முதலியவை எளிதில் தீப்பற்றாதிருக்க அவற்றின் நுரையிலும் நெகிழியிலும் சேர்க்கப்படும் சேர்மங்கள் ஆகும். இவற்றுட் பல, பொருளை விட்டு நீங்கி வீட்டுத் தூசியில் படிந்து, அதன் வழியாக மனித உடலைச் சென்றடைகின்றன. மிகுதியாக ஆராயப்பட்டவை பல்புரோமினேற்ற இருபீனைல் ஈதர்கள். புரோமின் அணுக்களின் எண்ணிக்கையையும் இடத்தையும் பொறுத்து இவற்றில் 209 வகைகள் உள்ளன.

கலிபோர்னியா விதி

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1975 இல் கொண்டுவந்த விதி, இருக்கைகளின் உள்ளே உள்ள நுரை 12 நொடிகள் சிறு சுடரைத் தாங்க வேண்டும் எனக் கூறியது. இதற்காகப் பாலியூரித்தேன் நுரையில் அதன் எடையில் சில விழுக்காடு அளவுக்கு இவ்வேதிப்பொருட்கள் கலக்கப்பட்டன. ஒரு மாநிலத்துக்கென எழுதப்பட்ட விதியாயினும், உற்பத்தியாளர்கள் பலர் நாடு முழுவதற்கும் அதன்படியே பொருட்களைச் செய்தனர். வட அமெரிக்கர்களின் உடலில் இச்சேர்மங்களின் அளவு ஐரோப்பியரைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தமைக்கு இது முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. வீட்டுத் தீ பெரும்பாலும் முதலில் பற்றுவது மேலுறையையே. உள்ளிருக்கும் நுரையை மட்டும் சோதித்ததால் விளைந்த பயன் ஐயத்திற்குரியது.

உடலை அடையும் வழி

இவை நெகிழியுடன் வேதிப்பிணைப்பு கொள்ளாமல் வெறுமனே கலந்திருப்பவை. ஆகையால் மெல்ல ஆவியாகித் தூசியில் ஒட்டுகின்றன. நுரை உதிரும்போதும் தூசியோடு கலக்கின்றன. கொழுப்பில் கரைவதால் உடலிற் தங்குகின்றன. சுவீடனில் 1972 முதல் 1997 வரை சேமிக்கப்பட்ட தாய்ப்பால் மாதிரிகளில் இவற்றின் அளவு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டித்திருந்தது.

முதலில் உணவே முதன்மை வழி எனக் கருதப்பட்டது. பின்னர், அமெரிக்காவில் கையில் ஒட்டி வாய்க்குச் செல்லும் தூசியே பெரும்பங்கு என மதிப்பிடப்பட்டது. தரையில் தவழ்ந்து, விரலையும் பொம்மையையும் வாயில் வைக்கும் குழந்தைகள், உடல் எடைக்கு ஏற்பப் பார்த்தால், பெரியவர்களைவிட மிகுதியாக உட்கொள்கின்றனர். வீட்டுப் பூனைகளின் நிலையும் இதுவே. அவை உரோமத்தை நக்கும்போது தூசியையும் விழுங்குகின்றன. 2007 இல் வெளிவந்த ஆய்வொன்று பூனைகளின் தைராய்டு மிகைப்புக்கும் இச்சேர்மங்களுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் எனக் காட்டியது. இவை அமைப்பில் தைராய்டு இயக்குநீரை ஒத்திருப்பது கவனிக்கத்தக்கது. கருவிலிருக்கும்போது மிகுதியாக இவற்றுக்கு ஆளான குழந்தைகளிடம் நுண்ணறிவு அளவீடு குறைந்திருப்பதையும் சில ஆய்வுகள் கண்டுள்ளன.

தடையும் மாற்றும்

2009 இல் சிடாக்கோம் உடன்படிக்கையின் கீழ் இவற்றின் இரு வணிகக் கலவைகளும், 2017 இல் மூன்றாவதும் பட்டியலிடப்பட்டன. ஆனால் அமெரிக்காவில் 2004 இறுதியில் முதலிரண்டின் உற்பத்தி நின்றபின் அவற்றின் இடத்துக்கு வந்தவற்றுள் ஒன்று, 1970களில் குழந்தைகளின் இரவு உடைகளிலிருந்து விலக்கப்பட்ட குளோரினேற்ற திரிசு. கலிபோர்னியா 2013 இல் தன் சோதனை முறையை மாற்றியது. 2020 முதல் மெத்தை இருக்கைகளிலும் குழந்தைப் பொருட்களிலும் தீத்தடுப்பு வேதிப்பொருட்களை அங்கு கட்டுப்படுத்தியுள்ளனர்.

உண்பதற்கு முன் கை கழுவுதலும், தரையை ஈரத்துணியால் துடைத்தலும் உட்கொள்ளும் அளவைக் குறைக்கும். உறை கிழிந்து நுரை வெளித்தெரியும் பழைய சோபா, தடைக்குப் பின்னும் தூசிக்கு ஊற்றாகவே இருக்கும்.