மின்சாரம் போன பிறகும் ஒலிக்க வேண்டிய மணி

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? முகப்பு ஒரு தெருவில் இருக்கும். வளவையும் கட்டுகளையும் கடந்து போனால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். இவற்றில் சில இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டன. பின்கட்டு அடுப்படியில் நள்ளிரவில் தீப்பிடித்தால், முகப்பு மாடியில் உறங்குபவருக்கு எப்படித் தெரியும்? கூரையிலுள்ள புகை உணர்விகள் தீ எச்சரிக்கைப் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். பெட்டி எல்லாக் கட்டுகளிலும் மணியை ஒலிக்கச் செய்யும்.

அப்போது மின்சாரம் இல்லாவிட்டால்? இது குதர்க்கமான கேள்வி அன்று. மின்கசிவால் பிடிக்கும் தீயில் பல நேரங்களில் முதலில் போவதே மின்சாரந்தான். ஆகவே பெட்டிக்குள் ஒரு பேட்டரி காத்திருக்கிறது. அது எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்?

மின்சாரம் நின்றபின் 24 மணி நேரம் காவல் காக்க வேண்டும். அதன் பிறகும் அரை மணி நேரம் மணியடிக்கத் தெம்பு வேண்டும். இது பிரிட்டனில் வழங்கும் விதி. அமெரிக்க விதியிலும் அதே 24 மணிதான். சாதாரண மணிக்கு மட்டும் 5 நிமிடம் போதும் என்கிறார்கள்.

நம் விடுதியில் 100 உணர்விகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 0.1 மில்லி ஆம்பியர்; எல்லாம் சேர்ந்தும் 0.01 ஆம்பியர்தான். பெட்டிக்கு 0.14 ஆம்பியர். கூட்டினால் 0.15. இதை 24ஆல் பெருக்க, 3.6 ஆம்பியர்-மணி.

இனி மணிகள். எல்லா மணிகளும் பெட்டியும் சேர்ந்து 1.2 ஆம்பியர் இழுக்கட்டும். அரை மணிக்கு 0.6 ஆம்பியர்-மணி. வேடிக்கையைப் பாருங்கள்! காதைப் பிளக்கும் ஓசையைவிட, சும்மா காத்திருப்பதற்கு ஆறு மடங்கு மின்னூட்டம் செலவாகிறது.

மொத்தம் 4.2. இதை 1.25ஆல் பெருக்கினால் 5.25. கடையில் கிடைப்பது 7 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரி. பெட்டிக்கு 24 வோல்ட் வேண்டுமென்பதால் இரண்டைத் தொடரிணைப்பில் இணைப்பார்கள். உடனே 14 ஆம்பியர்-மணி என்று எழுதிவிடாதீர்கள்! தொடரிணைப்பில் வோல்ட்தான் கூடும். ஆம்பியர்-மணி 7ஆகவே இருக்கும்.

1.25 எங்கிருந்து வந்தது? பேட்டரி பற்றிப் பேசக் காரைக்குடி பொருத்தமான ஊர்தான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் இங்கே திறக்கப்பட்டது. பேட்டரிகள் பற்றிய ஆராய்ச்சி அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. காரீய அமில பேட்டரி பயன்படுத்தாமல் கிடந்தாலும் மூப்படையும். உள்ளிருக்கும் காரீயச் சட்டம் மெல்ல அரிக்கப்படும். கொள்ளளவு 80 விழுக்காடாகக் குறைந்தால் அதை மாற்றிவிடுவது வழக்கம். 1.25ஐ 0.8ஆல் பெருக்கிப் பாருங்கள்; சரியாக 1 வரும். கிழ பேட்டரியும் கடமையைச் செய்யவேண்டும் என்பதற்கான முன்யோசனை அது.

ஆனால் செட்டிநாட்டு வெயிலுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. 25 டிகிரி செல்சியசுக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரியின் ஆயுள் பாதியாகும். ஐந்தாண்டு உழைக்கும் என்று சொல்லி விற்றது, எப்போதும் 35 டிகிரியில் புழுங்கும் மாடிப்படி அறையில் இரண்டரை ஆண்டில் ஓய்ந்துவிடும். காற்றோட்டமான இடத்தில் பெட்டியை மாட்டுவது, பெரிய பேட்டரி வாங்குவதைவிட மலிவு என்பது என் எண்ணம்.

24 மணி போதுமா என்றும் கேட்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது, பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 48 மணிக்குக் கணக்கிட்டால் 9.75 வரும், 12 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்க வேண்டும். அதற்கு மேலும் மின்சாரம் வராவிட்டால் ஜெனரேட்டர், இல்லையேல் இரவுக் காவலாள்.

ஒரு எச்சரிக்கை. மின்னேற்றியில் இணைந்திருக்கும் பேட்டரியில் வோல்ட்மீட்டரை வைத்தால், ஓய்ந்துபோன பேட்டரியும் 13.6 வோல்ட் என்று கம்பீரமாகக் காட்டும். அது பெரும்பாலும் மின்னேற்றியின் வோல்ட்! மின்னேற்றியை நிறுத்தி, மணிகளை அரை மணி நேரம் ஒலிக்கவிட்டு அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.