கடையை மாத்தப் போறீங்களா? ஒரு மாசம் ரெண்டு வாடகை கட்டுங்க!

நீங்க ஐடியிலயோ பேங்க்லயோ வேலை பார்க்கலாம். ஆனா வீட்டுல ஒரு கடை இருக்கும். அம்மாவோட தையல் கடை, அப்பாவோட ஜெராக்ஸ் கடை, இல்ல நீங்களே நண்பரோட சேர்ந்து பணம் போட்ட டீக்கடை. ஒரு நாள் ஓனர் வந்து, "அடுத்த மாசத்துல இருந்து வாடகையை ஏத்தணும் தம்பி"ன்னு நிப்பார். வேற இடம் பார்த்துடலாம்னு வீட்டுல முடிவாகும். எக்ஸெல் தெரிஞ்ச ஆள் நீங்கதானே, கணக்கு போடுற வேலை உங்க தலையில விழும்.

அந்தக் கணக்குல அட்வான்ஸ், டெம்போ, பெயின்ட், போர்டு, கரன்ட் வேலை எல்லாம் இருக்கும். பில் வரும், கட்டிடுவோம். பில்லே வராத செலவு ஒண்ணு இருக்கு. பழைய ஷட்டர் மூடியிருக்கிறதைப் பார்த்துட்டு எதிர்க்கடைக்குப் போயிடுற கஸ்டமர்.

எங்க அக்கா தையல் கடையை ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி மாத்தினப்ப, ஒரே ஞாயித்துக்கிழமையில எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிட்டோம். பழைய ஷட்டர்ல ஒரு பேப்பர் ஒட்டினோம். ராத்திரி மழை. காலையில பேப்பர் இல்ல. பிளவுஸ் வாங்க வந்த ஒரு அம்மா, "துணியோட ஓடிட்டாங்க"ன்னு பக்கத்துக் கடையில புலம்பிட்டுப் போயிருக்காங்க. அக்கா போன் பண்ணி, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தா. வாங்கிக்கிட்டாங்க. ஆனா அடுத்த பிளவுஸ் வரல.

இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு பிளவுஸ்ல கூலி, நூல் எல்லாம் போக 300 ரூபாய் நிக்குதுன்னு வச்சுக்கோங்க. மாசம் ஒண்ணு தைக்கிற 20 கஸ்டமர் போயிட்டா மாசம் 6,000, வருஷம் 72,000. பழைய கடை வாடகை 12,000-ன்னா, ஒரு மாசம் அதையும் சேர்த்துக் கட்டி அந்த 20 பேரைக் காப்பாத்தினா, போட்ட பணம் ரெண்டே மாசத்துல திரும்பிடும். "பழைய வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம், அது செலவே இல்ல"ன்னு வீட்டுல சொல்லுவாங்க. அட்வான்ஸும் உங்க பணம்தான், கணக்குல எழுதுங்க.

பழைய கடையில முழு வேலையும் நடக்கணும்னு இல்ல. ஒரு மேஜை, ஒரு ஆள், சாயங்காலம் 5-ல இருந்து 8 வரைக்கும் போதும். துணி வாங்கலாம், தைச்சதைக் கொடுக்கலாம், புது இடத்துக்கு வழி சொல்லலாம். மெஷினையும் ஒரே நாள்ல தூக்காதீங்க. பாதி அங்க ஓடணும், பாதி இங்க ஓடணும். மாத்துற வாரத்துல யாருக்கும் டெலிவரி தேதி கொடுக்காதீங்க.

தகவல் சொல்றதை ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் மட்டும் போட்டா போதாது. உங்க நம்பரை போன்ல சேவ் பண்ணினவங்களுக்குத்தான் அது போகும். ரெகுலர் கஸ்டமருக்குத் தனித்தனியா லொகேஷன் அனுப்புங்க. போன் நம்பரை மாத்தவே மாத்தாதீங்க. கூகுள் மேப்ல புதுசா ஒரு கடை தொடங்காம, பழைய பக்கத்துலயே முகவரியைத் திருத்துங்க. புதுசா தொடங்கினா, இத்தனை வருஷம் சேர்த்த ரிவ்யூ எல்லாம் பழைய பக்கத்துலயே தங்கிடும்.

எப்ப மாத்துறது? கல்யாண ஆர்டர் குறையுற ஆடி மாசம்தான் வசதி. ஆனா ஆடியில புது இடத்துக்குப் போக எங்க அம்மா ஒத்துக்கவே மாட்டாங்க! தீபாவளி முடிஞ்ச அடுத்த வாரம் பாருங்க, தைக்கிற கூட்டம் ஓய்ஞ்சிருக்கும்.

பேப்பர் வேலையைச் சுருக்கமா சொல்லிடறேன். ஜிஎஸ்டி பதிவு இருந்தா, முகவரி மாறின 15 நாளுக்குள்ள போர்ட்டல்ல ரெக்-14 படிவம் போடணும். வேற மாநிலத்துக்குப் போறீங்கன்னா அங்க புதுப் பதிவே எடுக்கணும். உத்யம் பதிவுலயும் முகவரியை மாத்துங்க. புது இடத்துல இருக்கிறது வீட்டு மின் இணைப்பா, வணிக இணைப்பான்னு அக்ரிமென்ட் போடுறதுக்கு முன்னாடியே பாருங்க. சாப்பாட்டுக் கடைன்னா எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் அந்த இடத்துக்குன்னே கொடுத்தது. புது இடத்துக்கான லைசென்ஸ் கைக்கு வந்தப்புறம் அங்க அடுப்பைப் பத்த வைங்க.

நிறைய பேர் கோட்டை விடுறது இன்சூரன்ஸ்லதான். கடைச் சரக்குக்குத் தீ விபத்து பாலிசி எடுத்திருந்தா, அது பாலிசியில எழுதியிருக்கிற முகவரியில இருக்கிற சரக்குக்குத்தான். பாதி சரக்கு அங்க, பாதி இங்கன்னு இருக்கிற அந்த ஒரு மாசத்துக்கு ரெண்டு முகவரியையும் சேர்க்கச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முதல்லயே மெயில் போடுங்க. அவங்க ஒப்புதல் எழுத்துல வந்தப்புறம் டெம்போவுக்குச் சொல்லுங்க.

கடைசி நாள் பழைய கடை மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. சாவியைக் கொடுக்கும்போதே மிச்ச அட்வான்ஸைக் கேட்டு வாங்கிடுங்க. "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்"னு ஓனர் சொன்னா, தேதி போட்டு எழுதி வாங்குங்க.