பொங்கலுக்கு முன்னாடியே திரும்பிவிடும் சூரியன்

ஒவ்வொரு டிசம்பர் 21-ம் தேதியும் மதியம் 12 மணிக்கு மொட்டை மாடி ஏறுவேன். ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்தி, நிழலை அளப்பேன். எங்கள் சென்னையில் 12:07 வாக்கில் சூரியன் உச்சிக்கு வரும். அப்போது நிழல் 74 செ.மீ. வருஷத்திலேயே மிக நீளமான உச்சிவேளை நிழல் அதுதான்.

ஆரம்பம் என்னவோ அப்பாவோடு போட்ட சண்டைதான். பொங்கலன்று அவர், "இன்னிக்குத்தான் சூரியன் வடக்கே திரும்புது" என்பார். "மூணு வாரம் முன்னாடியே திரும்பியாச்சுப்பா" என்றேன், பன்னிரண்டு வயசில். "அப்ப பஞ்சாங்கம் எழுதினவன் முட்டாளா?" என்றார். "ஆமா" என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

முட்டாள் இல்லை. பஞ்சாங்கத்தின் மகர ராசி நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடப்படுவது. பூமியின் அச்சோ, சுற்றும் பம்பரம் தலையாட்டுவது மாதிரி மெல்ல ஆடுகிறது. ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 25,800 வருஷம். அதனால் சூரியன் வடக்கே திரும்பும் நாள், நட்சத்திரக் கணக்கிலிருந்து ஏறக்குறைய 72 வருஷத்துக்கு ஒரு நாள் நழுவுகிறது. சுமார் 1,700 வருஷம் முன்பு மகர சங்கராந்தியும் சூரியன் திரும்புவதும் ஒரே சமயத்தில் வந்தன. இன்று இடைவெளி 24 நாள். அப்பா சொன்னது ஒரு காலத்து நிஜம். எனக்கு இது புரிய முப்பது வயசானது.

சரி, பள்ளிப் புத்தகம் இல்லாமல் அந்த நாளைக் கண்டுபிடிப்பது எப்படி? நேரடியாக அளந்தால் தோல்விதான். டிசம்பர் 18-க்கும் 21-க்கும் நிழல் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். நிழலின் ஓரமே அதைவிட மங்கல். கிட்டத்தட்ட ஒரு வாரம் சூரியன் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். ஆகவே டிசம்பர் 7 அன்றே அளந்து வையுங்கள்: 72 செ.மீ. அதே 72 மறுபடி வருவது ஜனவரி 5 வாக்கில். இரண்டுக்கும் நடு நாளை எண்ணினால் டிசம்பர் 21, 22-ல் வந்து நிற்கும்.

இந்த வித்தையை அப்பாவிடம் காட்டியபோது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. தூக்குக்குண்டை அவர்தான் பிடித்தார். "கை ஆடாம பிடிப்பா" என்று நான் சொன்னதற்கு, "நீ ஒழுங்கா அள" என்றார்.

இப்போது அவர் இல்லை. குண்டை ஆணியில் கட்டித் தொங்கவிடுகிறேன். பொங்கலன்றும் ஒருமுறை மாடி ஏறி அளக்கிறேன்: 68 செ.மீ. சொச்சம்.