பேய்களின் கூழும் பழைய ஏடுகளும்

மாயக்கதை எழுத விரும்பும் இளைஞர் சிலர், “கற்பனை என் உள்ளத்தில் பிறப்பது. பழைய நூல்களைப் படித்தால் அவற்றின் சாயல் ஒட்டிக்கொள்ளும், ஆகவே படிக்காதிருப்பதே நன்று” என்று சொல்வதுண்டு. இந்த அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் நம் காவிரி நாட்டு இலக்கியம் இதற்கு வேறு விடை தருகின்றது.

திருவாரூர் மாவட்டத்துத் தலையாலங்காடே சங்க காலத்துத் தலையாலங்கானம் என்பர். அங்கே வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடிய மாங்குடி கிழார், போர்க்களத்தையே அடுக்களையாகக் கண்டார். புறநானூற்றின் 26 ஆம் பாடலில், முடியணிந்த தலைகள் அடுப்பாகின்றன, குருதி உலைநீராகின்றது, தொடியணிந்த தோள் துடுப்பாகின்றது. சில அடிகளில் அக்கற்பனை முடிந்துவிடுகின்றது.

பல நூற்றாண்டுகள் கழிந்தன. 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைச் செயங்கொண்டார் பாடினார். அவரும் அதே வட்டாரத்துத் தீபங்குடியினர் என்பர். பழைய வித்தைக் கலிங்கத்துப்பரணியில் அவர் பெருமரமாக வளர்த்தார். பேய்கள் பல் துலக்குகின்றன. மாண்டோரின் பற்களாகிய அரிசியை, முரசை உரலாகவும் யானைக் கொம்பை உலக்கையாகவும் கொண்டு குற்றுகின்றன. குற்றும்போது வள்ளைப்பாட்டுப் பாடுகின்றன. கேடயத்தைச் சுளகாக்கிப் புடைக்கின்றன. கூழ் வெந்ததும் பந்தியில் அமர்கின்றன.

அஞ்சத்தக்க இக்காட்சி நமக்கு நகைப்பையும் தருவது ஏன்? நெல் குற்றும் வீட்டு முற்றத்தின் ஒழுங்கு, வரிசை மாறாமல் பேயுலகில் நடப்பதே காரணம். மரபு அவருக்கு அடுப்பைத் தந்தது. அதில் ஏற்றிய கூழ் அவருடையது.

மேல்நாட்டிலும் இதைக் காணலாம். பழைய ஆங்கிலக் காப்பியமான பேயோவுல்பில், ஒருவன் கிண்ணம் திருடியதால் பொன்காக்கும் நாகம் சினந்தெழுகின்றது. அக்காப்பியத்தை ஆராய்ந்த பேராசிரியர் டோல்கீன் 1937 இல் வெளியிட்ட ‘ஹாபிட்’ கதையிலும் அதுவே நிகழ்கின்றது. ஆனால் அங்கே திருடுபவன், வீட்டையும் விருந்தையும் விரும்பும் ஓர் எளிய குள்ளன்!

இனி, சாயலைப் பற்றிய அச்சத்துக்கு வருவோம். ஏட்டைத் தொடாதவனும் பாட்டி சொன்ன விக்கிரமாதித்தன் கதையைக் கேட்டிருப்பான், திரைப்படம் கண்டிருப்பான். அவற்றின் சாயல் அவனறியாமலே எழுத்தில் புகும். தான் புதிதாகக் கண்டதென்று மகிழ்வது, முன்பே பலர் சொன்னதாக இருக்கும். ஒரே நூலைப் படித்தவன் அதற்கு அடிமையாகலாம். பல நூல்களைப் படித்தவனுக்கோ எது மரபு, எது தனது என்று பிரித்தறியும் கண் வாய்க்கின்றது.

ஆகவே, எழுதத் தொடங்குமுன் அந்தப் புறப்பாட்டையும் பரணியின் கூழ் அடும் பகுதியையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பின்னர் உங்கள் வீட்டு அடுக்களையை உற்று நோக்குங்கள். இவ்விரண்டில் எது குறைந்தாலும் உங்கள் பேய் நடமாடாது.